வகுப்பு ரத்து

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றுதான்
இந்த வேலை கொடுத்தார்கள்.
செடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
துளசியையும் திருநீற்றுப்பச்சையையும்
முகர்ந்து பார்த்துத்தான் பிரித்திருப்பேன்.

கால்வாய்க்கும் பறக்கும் ரயிலுக்கும் நடுவே
ஒன்றரை ஏக்கர்.
வாசலில் ஒரு கரும்பலகை.
மாதம் ஒரு வகுப்பு, நுழைவு இலவசம்,
விதைக்கு மட்டும் இருபது ரூபாய்.

ஆடி: விதைப்பு.
பெயர் கொடுத்தவர்கள் முப்பத்தெட்டு,
வந்தவர்கள் பதினொன்று.
அதில் ஒருவர் ஸ்டேஷனுக்கு வழி கேட்க நுழைந்து
பாகல் விதையோடு வெளியே போனார்.

புரட்டாசி: மக்கும் குப்பை.
குடியிருப்புச் சங்கம் அபராதம் போட்ட கோபத்தில்
முன்வரிசையில் கோமளவல்லி.
"புழு வருமா?" என்றார்.
"வரணும்" என்று ரஞ்சிதம் தொடங்கும்போது
தலைக்கு மேல் வேளச்சேரி வண்டி.
வண்டி போகும்வரை
வாயைத் திறந்தபடியே நிற்பார் ரஞ்சிதம்.
கடைசிப் பெட்டி கடந்ததும்
விட்ட எழுத்திலிருந்து ஆரம்பிப்பார்.

கார்த்திகை: பதியம் போடுதல்.
இதைப் பச்சைச் சாக்பீஸால் எழுதினேன்.
'ப'வுக்குக் கீழே நாலு கோடு இழுத்தேன்,
வேர் மாதிரி.

வெள்ளிக்கிழமை புயல் வந்தது.
எந்த நாடோ வைத்த பெயர்,
எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை.
சனி முழுக்க இருட்டு.
ஞாயிறு காலை கணுக்கால் தண்ணீரில் நடந்து வந்தேன்,
'ரத்து' என்று எழுத.
பலகையை மழை ஏற்கனவே துடைத்திருந்தது.
ஈரத்தில் சாக்பீஸ் எழுதவும் இல்லை.

தூங்குமூஞ்சி மரம் சுவரை இடித்துக்கொண்டு
கால்வாய்க்குள் தலைவைத்துக் கிடந்தது.
அதன் பெயர்த்தகடு மட்டும் விறைப்பாக,
குடும்பம் இன்னது, பூக்கும் காலம் இன்னது என்று.

முதலில் ஆட்டோ இருதயராஜ்.
தோளில் தன் உயரத்துக்கு முருங்கைக் கிளை.
"ரோட்ல கெடந்துச்சு. கார்ப்பரேஷன் லாரி வர்றதுக்குள்ள..."
வாக்கியத்தை முடிக்கவில்லை.
அன்று ரயிலும் ஓடவில்லை.

பிறகு சைதாப்பேட்டையிலிருந்து சபூரா,
பிளாஸ்டிக் குடத்தில் பூவரசு.
யாருடைய காரையோ நசுக்கிய கல்யாண முருங்கையிலிருந்து
ஆளுக்கொரு துண்டாக மூன்று பையன்கள்.
கோமளவல்லியின் பால்கனிச் செம்பருத்திக்கு
கழுத்தில் பேண்டேஜ்.
ஒருவர் வேப்பங்கிளை கொண்டுவந்தார்.
"வேம்பு போத்துல வராது சார்."
"தெரியும்" என்றார்.
ஆனாலும் கீழே வைக்கவில்லை.

யாரும் பெயர் கொடுத்திருக்கவில்லை.
பதிவேடு நனைந்து இரண்டு மடங்கு தடித்திருந்தது.

ரஞ்சிதம் கத்தியைத் தீக்குச்சியில் காட்டினார்.
கணுவுக்குக் கீழே சாய்த்து ஒரு வெட்டு.
மேல் நுனிக்குச் சாணி உருண்டை.
"தலைகீழா மட்டும் நட்டுடாதீங்க."
நான் ஒன்றைத் தலைகீழாக நட்டேன்.

மொத்தம் நாற்பத்து மூன்று குச்சி.
பால் பாக்கெட்டை வெட்டி
மார்க்கரால் சீட்டு எழுதினேன்.
என்ன மரம் என்று கேட்டால்
எந்தத் தெரு என்றே சொன்னார்கள்.
அப்படியே எழுதினேன்:
ஜாபர்கான்பேட்டை, மூணாவது சந்து.
எல்.பி. ரோடு சிக்னல்.
டாஸ்மாக் எதிரில்.

தையில் எண்ணினோம். துளிர்த்தது பதினேழு.
டாஸ்மாக் எதிரில்தான் முதலில் இலை விட்டது.
வேம்பு காய்ந்துவிட்டது, பிடுங்க ஆளில்லை.
என் தலைகீழ்க் குச்சியும் செத்தது;
அதைப் பற்றிக்கொண்டு
யாரும் போடாத ஒரு பாகல் ஏறுகிறது.

பலகைக்குப் புதுக் கறுப்பு அடித்தார்கள்.
சித்திரை என்று எழுதி, யோசித்து,
கீழே எழுதினேன்:
'வகுப்பு இல்லை. வெயில்.
வருகிறவர்கள் ஆளுக்கொரு குடம்
ஊற்றிவிட்டுப் போகலாம்.'

நேற்று மதியம்
சவாரியோடு ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு
இருதயராஜ் குழாயடிக்குப் போனார்.
பின்சீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து
இன்னும் எவ்வளவு நேரம் என்று கத்தியது.
"ஒரு குடம்" என்றார்.