தபால் பெட்டியின் அகலம்

லைப்சிக் நகரில் எங்கள் கட்டட வாசலில்
பதினான்கு தபால் பெட்டிகள்.
பெயர் செருக ஒவ்வொன்றிலும் ஒரு தகரச் சட்டம்,
அகலம் ஆறு சென்டிமீட்டர்.
தூமி அளவு நாடா வைத்தே அளந்துவிட்டான்.

நாங்கள் நான்கு பேர்.
நான்கு பேருக்கும் நான்கு பின்பெயர்.

ஐஸ்லாந்தில் இது ஒரு சேதியே இல்லை.
ஸ்காப்டியின் மகன் தூமி, ஆகவே ஸ்காப்டாசொன்.
குன்னரின் மகள் நான், ஆகவே குன்னர்ஸ்டோட்டிர்.
எங்களுக்குப் பிறந்தவள் தூமாடோட்டிர், பிறந்தவன் தூமாசொன்.
அப்பன் பெயர் ஒரு தலைமுறை கூட வரும்,
பிறகு பால்பல்லைப் போல விழுந்துவிடும்.
யாரும் தேடுவதில்லை.

இங்கே தேடுகிறார்கள்.
"குடும்பப் பெயர்?" என்கிறது படிவம்,
ஒருமையில்.

சட்டத்தில் ஸ்காப்டாசொன் மட்டும் இருந்தது.
அதற்கே இடம் போதவில்லை.
மழலையர் பள்ளியில் இடம் கிடைத்த கடிதம்
வந்த வழியே திரும்பிப் போனது:
பெறுநர் இம்முகவரியில் இல்லை.
பெறுநர் அப்போது சமையலறையில்
விரலுக்கு ஒன்றாகப் பாஸ்தா மாட்டிக்கொண்டிருந்தான்.
போன இடத்தைத் திரும்பப் பிடிக்க
பத்தொன்பது தொலைபேசி அழைப்புகள்.
காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடும் இசை
எனக்கு இப்போது மனப்பாடம்,
பாத்திரம் தேய்க்கையில் முணுமுணுக்கிறேன்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹெர் வுட்கேயிடம் போனேன்.
கையால் எழுதி ஒட்டக் கூடாது,
பெட்டிக்கு ஒரு குடும்பம் என்றார்.
"நாங்கள் ஒரே குடும்பம்தான்."
தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அப்படித் தெரியவில்லையே."
கெட்ட மனிதர் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்து நான்
காலி பாட்டில்களைத் தொட்டியில் போட்டுத் தெருவையே எழுப்பியபோது
சன்னலில் இருந்து விரலை மட்டும் ஆட்டியவர்.

பள்ளியில் என்னை ஃப்ராவ் தூமாசொன் என்கிறார்கள்.
அதாவது, தூமியின் மகனே!
இரண்டு முறை திருத்தினேன்.
மூன்றாம் முறை, பிரேக்கிக்குக் காய்ச்சல் என்று
அலுவலகத்திலிருந்து ஓடிவந்த மதியம்,
என் புருஷனின் மகனாகவே
கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

விமான நிலையத்தில் இன்னும் மோசம்.
தூமிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி,
அந்தால்யாவுக்குப் பிள்ளைகளோடு நான் முன்னால் கிளம்பினேன்.
அதிகாரி மூன்று கடவுச்சீட்டுகளையும்
சீட்டாட்டம் போல விரித்தார்.
ஒன்றோடொன்று சேரவில்லை.
"இவர் யார்?" என்று இல்வாவைக் கேட்டார்.
இல்வாவுக்கு ஏழு வயது, எதற்கும் முழுதாகப் பதில் சொல்பவள்:
"இவள் குன்னரின் மகள். குன்னர் படகு எஞ்சின் ரிப்பேர் செய்வார்.
இவன் தூமியின் மகன். தூமி இப்போது தூங்குகிறார்."
அம்மா என்ற சொல் வரவே இல்லை.
தூமியின் சம்மதக் கடிதம் என்னிடம் இருந்தது,
நீச்சலுடைக்கும் நசுங்கிய வாழைப்பழத்துக்கும் அடியில் எங்கோ.
நான் தோண்டத் தோண்ட
பின்னால் வரிசை பெருமூச்சு விட்டது.

அதற்குப் பிறகு பிறப்புச் சான்றிதழ்கள்
என் முதுகுப்பையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன.
ஜெர்மன் மொழிபெயர்ப்பு, முத்திரையோடு,
தாளுக்கு நாற்பது யூரோ.

"எல்லாரும் ஒரே பெயருக்கு மாறிவிடுங்களேன்,
ஒரு படிவம்தானே" என்றாள் ஆன்னக்ரெட்.
அன்றிரவு தூமியிடம் சொன்னேன்.
நெடுநேரம் யோசித்து,
"யாருடைய அப்பாவை விடுவது?" என்றான்.
சிரித்தோம்.
பிறகு ஒரு மணிவரை சண்டை போட்டோம்.

கடைசியில் தீர்த்துவைத்தது தபால்காரி நோவாக்.
டோட்டிர் என்று முடிந்தால் எங்கள் பெட்டி.
சொன் என்று முடிந்தாலும் எங்கள் பெட்டி.

ஆகவே நான்காம் மாடியில் இருக்கும் ஸ்வீடன் மாணவன் ஆண்டர்சொனின்
மின்கட்டணமும் எங்களுக்கே வருகிறது,
பல் மருத்துவரின் நினைவூட்டலும்.
போன சனிக்கிழமை பிரேக்கியிடம் கொடுத்து அனுப்பினேன்.
ஒரு மாடிதான், ஐந்து வயதுக்கு அது பெரிய உத்தியோகம்.
கதவைத் தட்டி விசாரித்திருக்கிறான்:
"நீ ஆண்டர்ஸின் மகனா?"
"இல்லையே, என் அப்பா லார்ஸ்" என்றானாம் அவன்.

அப்படியானால் இது உன்னுடையது இல்லை என்று
கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டான் என் பிள்ளை.
இன்னும் குளிர்பெட்டி மேல்தான் இருக்கிறது.