கேசரி நிறம்

மருந்து தொடங்கிய மறுநாளே போன்.
பாதிக் குரல்.
“சிஸ்டர், ஒண்ணுக்கு
கேசரி கலர்ல போகுது.”

சொல்லித்தான் அனுப்பியிருந்தேன்.
நாற்பத்து மூன்று கிலோ, மூன்று மாத்திரை,
வெறும் வயிற்றில், காலையில்.
சிவந்து போகும், பயப்படாதீங்க என்று.
அவருக்கு அது விழவில்லை.
சளியில் கிருமி இருக்கு என்றதும்
எல்லாருக்கும் காது அதோடு அடைத்துக்கொள்கிறது.

காசிமாயன். வயது முப்பத்தெட்டு.
கோரிப்பாளையத்தில் ஒரு ராத்திரிக் கடையில்
பரோட்டா மாஸ்டர்.
உசிலம்பட்டிக்கு மேற்கே சொந்த ஊர்.
முகவரியில் அதை எழுத வேண்டாம் என்றார்.
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கல்லுக்கு முன்னால் நிற்காதீங்க,
வாயை மூடித் துணி கட்டுங்க,
அறையில் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.
“ஆறு பேர் படுக்கிற ரூம் சிஸ்டர்.
ஜன்னலே இல்ல.”

அம்மை போட்டிருக்கு என்று
முதலாளியிடம் சொல்லி லீவு வாங்கினார்.
அம்மைக்கு யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.
வாசலில் செருக வேப்பிலை உண்டு அதற்கு.
இதற்கு எதைச் செருகுவது?

திரும்பி வேலைக்கு வந்த பிறகு
கடைச் சத்தத்துக்கு நடுவில்
நான் கேட்பது ஒரே கேள்வி:
“கேசரியா?”
“கேசரிதான் சிஸ்டர்.”
பக்கத்தில் மாவு பிசையும் தவசிக்கு
இனிப்புக் கணக்கு என்று நினைப்பு.

குமட்டுகிறது என்றார். டால்டா வாசம் பட்டாலே.
காலில் எறும்பு ஊர்கிறது என்றார்.
அதற்குச் சின்ன மாத்திரை ஒன்று சேர்த்தோம்.
கண்ணைக் கீழிமை இழுத்துப் பார்த்தேன்,
மஞ்சள் இல்லை.
முட்டைக்கு அரசாங்கம் போடும் பணம்
பேங்குக்கு வரவில்லை. வரும் என்றேன்.
எனக்கே தெரியாது.

ஐம்பத்தொன்றைத் தொட்ட அன்று
முள்ளைப் பார்த்துச் சிரித்தவரிடம்
இனிமேல் நாலு மாத்திரை என்றேன்.
“எடை கூடினா தண்டனையா?”
அன்றுதான் முதல்முறை
இருமாமல் சிரித்து முடித்தார்.

பிறகு அழகர் வந்தார்.
மூன்று ராத்திரி மதுரை தூங்கவில்லை,
கல்லும் ஆறவில்லை.
போனில் “கேசரிதான், கேசரிதான்.”
பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது.

நான்காம் நாள் டூட்டி முடிந்து
கடைக்கே போனேன்.
மைதா மூட்டைக்கு அடியிலிருந்து
அட்டையை எடுத்துக் காட்டினார்.
மூன்று நாள் குமிழ் உடையாமல்
பளபளவென்று இருந்தது.

திட்டினேன்.
திட்டக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள்.
கிருமி படித்துக்கொள்ளும், இந்த மருந்து கேட்காது,
பிறகு ஒன்றரை வருஷம் மாமா, தெரியுமா?
ஆத்திரத்தில் மாமா என்று வந்துவிட்டது.
நின்று சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மாவை வீசிக்கொண்டே இருந்தார்.
வீசி, மடித்து, சுருட்டி,
ஈரத்துணி போட்டு மூடிவிட்டுச் சொன்னார்:
“இருமல் போயி ரெண்டு மாசமாச்சு.
நோவு இல்லாதவன் எப்படி சிஸ்டர்
மருந்து திம்பான்?”

பாடப்புத்தகத்தில் பதில் உண்டு.
அந்தப் புகையில் எனக்கு அது வரவில்லை.
“எனக்காகத் தின்னுங்க” என்றேன்.
அதுவும் சொல்லக் கூடாத ஒன்றுதான்.

ஆறாம் மாதம் சளியில் ஒன்றுமில்லை.
படத்தில் வலது மேல்புறம் மட்டும்
ஒரு வடு, கல்லில் கருகிய ஓரம் மாதிரி.
அது இருக்கும், விடுங்க என்றார் டாக்டர்.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தவர்
போகவில்லை. கதவுப் பக்கம் பார்த்து
“உள்ள வாடா” என்றார்.

தவசி. கையில் காய்ந்த மாவு.
மூன்று வாரமாக ராத்திரி வேர்க்கிறதாம்.
அறையில் இருக்கும் எல்லாரும் வரணும் என்று
இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.
மூன்றாம் தடவை நானே போயிருக்கலாம்.

சளி டப்பாவை நீட்டுகிறேன்.
வெளியே வெயிலில் நின்று,
ஆழமாக மூச்சிழுத்து.
காசிமாயன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு
தாழ்ந்த குரலில் சொல்கிறார்:
“கேசரி கலர்ல போகும்டா. பயந்துராத.”