ஆறு

செய்முறைத் தேர்வு முடிந்து பிள்ளைகள் போன பிறகு
சோதனைக் குழாய்கள் என்னோடு தங்கின.
அறுபத்திரண்டு பேர். முக்கால்வாசிப் பேர்
பயத்தில் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள்.

மஞ்சள் குரோமேட்டில் அமிலம் இரண்டு சொட்டு: ஆரஞ்சு.
காரம் விட்டால் மறுபடி மஞ்சள்.
ரெக்கார்டு நோட்டில் இதற்கு மீள்வினை என்று பெயர்.
ஹபீலா மட்டும் ஒன்பது முறை
முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
வெளித்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துச் செருமும்வரை.
வெள்ளி நைட்ரேட்டுக்குச் செங்கல் சிவப்பு.
ஈய நைட்ரேட்டுக்கு இன்னொரு மஞ்சள்,
அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், குலுக்கினாலும் கரையாது.

எனக்குத் தெரிந்த வேதியியல் காதில் விழுந்தது மட்டும்.
மஞ்சளிலும் குரோமியத்துக்கு எண் ஆறு.
ஆரஞ்சிலும் ஆறு.
சட்டைதான் வேறு, ஆள் அதே ஆள்.

இந்தக் கல்லூரியில் எனக்குப் பதினொரு வருடம்,
மூன்று முதல்வர்கள்.
அடையாள அட்டையின் நாடா
நீலம், பிறகு மெரூன், இப்போது சாம்பல்.
அட்டையில்: சூ. இன்னாசியம்மாள், ஆய்வக உதவியாளர்,
அடைப்புக்குறிக்குள் தற்காலிகம்.
எந்த அமிலமும் அந்தக் குறியைத் தொடவில்லை.

"சிங்க்ல ஊத்திட்டுக் கிளம்புங்கம்மா, மணி ஆறாகுது."
துறைத்தலைவர் சாவியை ஆட்டினார்.

சிங்க்குக்குக் கீழே குழாய்,
அதற்கப்பால் பந்தல்குடி வாய்க்கால்,
அதற்கும் அப்பால் வைகை.
ஆறை ஆற்றில் விடச் சொல்கிறார்.
என் கட்டைவிரல் ஓரத்தில் கடுகளவு ஒரு குழி,
கையுறை கிழிந்த அன்று வந்தது.
எட்டு மாதம் ஆறவில்லை.
ஆறுக்கு ஆறத் தெரியாது.

ஈயத்தையும் வெள்ளியையும் தனிப் பாட்டிலில் ஒதுக்கிவிட்டு
வாளியை ஜன்னலோரம் இழுத்தேன்.
சோடியம் பைசல்பைட், கரண்டி கரண்டியாக.
தீக்குச்சி உரசிய நெடி.
மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டே கிளறினேன்.
ஆரஞ்சு கலங்கிச் சுக்குத் தண்ணீராகி
சட்டென்று
பச்சை.

இது சட்டை மாற்றம் இல்லை.
ஆறு மூன்றாகிவிட்டது.
இனி காரம் ஊற்றினாலும் மஞ்சள் எழுந்து வராது.
சுண்ணாம்புக்குச் சாம்பல் பச்சைச் சேறாக
அடியில் படுத்தது.
வடிகட்டி, ஜாடியில் அடைத்து, லேபிளில் தேதி போட்டேன்.
கீழே என் பெயர்.
அடைப்புக்குறி போடவில்லை.

செல்லூரில் பஸ் நின்றபோது எட்டிப் பார்த்தேன்.
வாய்க்கால் கறுப்பாகத்தான் போனது,
நடுவில் ஏதோ சாயப்பட்டறையின் ஊதாக் கோடு.
என் வாளி மட்டும் அதில் இல்லை.