ஓரத்து ஐஸ்

ஐஸ் கம்பெனிப் பாளம்.
நடுவெல்லாம் புரை விழுந்த கண்,
ஓரத்தில் மட்டும் கண்ணாடி.
அந்த ஓரத்தை உளி வைத்துப் பெயர்த்தான் சந்தியாகு.

பதினோரு வருஷம் கப்பலில்
ஊராருக்கு ஊற்றியவன்.
பாம்பனில், இன்றைக்கு, எனக்கு.

கருப்பட்டிப் பாகு அரைக் கரண்டி.
கசப்பு மூன்று சொட்டு.
நாலாவது தவறி விழ
தன்னையே இங்கிலீஷில் திட்டிக்கொண்டான்.
விஸ்கி டாஸ்மாக் சரக்கு;
அதற்கான மரியாதையெல்லாம்
கலக்குகிற நிதானத்தில்.

"குலுக்க மாட்டியா?"
"இதைக் குலுக்கப்படாது ஜெசிந்தா."

ஆரஞ்சுத் தோலை முறுக்கினான்.
தெறித்த வாசத்தில் பாதியைச்
சோளகக் காற்று கொண்டுபோனது.

முதலில் கசப்பு.
பிறகு பனங்காட்டுப் புகை.
கடைசியில், மாதா சத்தியமாக,
கொஞ்சம் சூடைமீன்.

சொல்லவில்லை.
கிளாஸை நீட்டினேன்:
அந்த நாலாவது சொட்டையும்
சேர்த்தே போடு.