பத்தொன்பதாம் நாள்

பத்தொன்பதாம் நாள், அதிகாலை மூன்று நாற்பது.
அங்கேதான் சாகிறது ஒவ்வொரு தடவையும்,
மன்னார் வளைகுடாவின் நீரோட்டத்தை
முப்பது நாளைக்குக் கணக்கிட வேண்டிய புரோகிராம்.

முதலில் உப்புக்காற்றின் மேல் பழி போட்டோம்.
மண்டபத்தில் எது கெட்டாலும் அதன் மேல்தான்.
பஜ்ரியா மெமரிப் பட்டைகளைக் கழற்றி
பென்சில் ரப்பரால் தேய்த்தாள்.
பச்சையாய் உதிர்ந்தது.
ஓடவிட்டோம்.
செத்தது, மூன்று நாற்பதுக்கு.

யுபிஎஸ் மாற்றினோம். அழித்து மறுபடி நிறுவினோம்.
ஏன் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல்
திரை கறுத்தது.

நான்காம் இரவு
கட்டம் கட்டமாக ஆழத்தை அச்சிடச் சொல்லிவிட்டு
வறுகடலை தின்றுகொண்டிருந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிசை, எண்பத்தெட்டாம் கட்டம்:
அரிச்சல்முனைக்குத் தெற்கே ஒரு மணல்திட்டு.
நீர் வற்றும் அந்த நேரம்
அங்கே ஆழம் பூஜ்யம்.
பூஜ்யத்தால் கடலை வகுக்கச் சொல்லியிருக்கிறோம்,
அதுவும் பத்தொன்பது நாள்
பொறுத்துப் பார்த்திருக்கிறது.

பஜ்ரியா ஒரே ஒரு வரி சேர்த்தாள்:
எங்கேயும் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாதே.
இருபது. இருபத்தொன்று.
முப்பதைத் தொட்டபோது
டீக்கடை திறந்திருந்தது.

அறிக்கையில் இதை எழுதவில்லை:
எங்கள் கணக்கில் அந்தத் திட்டு
இனி ஒருபோதும் தலைகாட்டாது.
ஆலாக்கள் வந்தால்
கால் நனைய நிற்கட்டும்.