நாலு மணித்தியாலம்

மூன்றாவது ஊசி இது.
முதலாவது பதினொரு கிழமை நின்றது,
இரண்டாவது பத்தொன்பது நாள்.
குப்புறக் கிடந்தேன்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் பச்சைத் துணியில்
சலவைச் சோடா மணம்.
வால் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
டொக்டரின் பெருவிரல்: "இதிலயா?"
"அதிலதான்" என்று தலையணைக்குச் சொன்னேன்.
ஊசி ஏறியது பதினொன்றுக்கு.

விறைப்பு நாலு மணித்தியாலம்.
பிறகு நோவு திரும்பும்,
இரண்டு மூன்று நாள் பொறுக்க வேணும்,
மற்ற மருந்து அதற்குப் பிறகுதான் வேலை செய்யும்,
செய்தால்.

வெளி வாங்கில் ஒருவரும் குந்தவில்லை.
ஏறாவூர் மீன் வியாபாரி சுவரில் சாய்ந்தபடி சொன்னார்:
"மண்ணுக்குள்ள எல்லாம் உக்கிப் போகும் டீச்சர்,
இந்த எலும்பு மட்டும் உக்காதாம்.
மறுமையில இதிலருந்துதான் நம்மள எழுப்புவானாம்."
"எழும்புறது பிரச்சினை இல்ல நானா,
குந்துறதுதான்."
சிரித்தார். சிரித்ததில் அவருக்கு நொந்தது.

கல்முனை பஸ்ஸில் யன்னல் சீட்.
இரண்டு வருஷம் கம்பியைப் பிடித்தே வந்தவள்
குந்தினேன்.
கல்லடிப் பாலத்தின் ஒவ்வொரு பொருத்துக்கும்
உடம்பு தயாராகி ஏமாந்தது.
கிரான்குளம், களுதாவளை, கல்லாறு;
யாருடையதோ பின்பக்கத்தை
இரவல் வாங்கிக் குந்தியிருப்பதுபோல.

வீட்டுக்குப் போகவில்லை.
மருதமுனையில் இறங்கி
ஜெசீமா மச்சியின் கேற்றைத் தட்டினேன்.

புது வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று
"குந்துங்க மச்சி" என்று மூன்று தரம் சொன்னாள்.
மூன்று தரமும் "இல்ல, நிக்கிறன்" என்றேன்.
நாலாம் தரம் சொல்லவில்லை.
பிறகு தெருவெல்லாம் கதை:
டீச்சருக்குப் பெரும, பிளாஸ்டிக் கதிரையில குந்தமாட்டாவாம்.
எந்த இடம் நோகுது என்று
ஆண்கள் நிறைந்த சாலையில் எப்படிச் சொல்ல?

இன்றும் அதே கதிரை, சிவப்பு.
அவள் வாய் திறக்கவில்லை.
நானே இழுத்துப் போட்டுக் குந்தினேன்.
பார்த்துக்கொண்டே நின்றாள்.
முந்தானையால் மேசையைத் துடைத்தாள்,
துடைத்த இடத்தையே.
பிளேன்ரீ வந்தது. தொதல் வந்தது.
கத்தாரில் சம்பளம் நின்றுபோன மகன் வந்தான்,
மருமகளின் தகப்பன் வந்தார்,
ஒரு வேலி வந்தது, வேலிக்கு அந்தப் பக்கத்துத் தென்னையும்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம்.
முதல் குத்து எறும்பு போல.
பிறகு எறும்பில்லை.
மச்சி இன்னும் தென்னையடியில்தான் நிற்கிறாள்,
காய் யாருக்கு என்பது முடியவில்லை.
கேத்திலைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள்.

"ஊத்துங்க" என்கிறேன்.