எட்டுக் கட்டி சிங்க்

அந்த நீலம் நான் அடித்ததுதான்.
மறுக்கவில்லை.

உப்பனாற்றுக் கரையில், சிங்காரத்தோப்புப் பக்கம்,
தேசப்பனின் இரும்புப் போட்டை மேலே ஏற்றியபோது
அடிவயிறு முழுக்கச் சிப்பி.
மூன்று நாள் சுரண்டினோம்.
நாலாம் நாள் செங்காவி, ஐந்தாம் நாள் நீலம்,
மூக்கின் இரு பக்கமும் 'கடல் பூரணி'.
பூவன்னாவின் சுழி எனக்கு எப்போதும் நன்றாக வரும்.

சுக்கானை ஒட்டி எட்டுக் கட்டி சிங்க்,
துணி சோப்பு அளவு.
சாம்பல் நிறத்தில், போல்ட் தெரிய,
சட்டை போடாத பிள்ளைகள் போல நின்றன.
சொன்னால் சிரிப்பீர்கள், பாவமாக இருந்தது.
டப்பாவில் மிச்சம் வேறு இருந்தது.
இரண்டு கோட் கொடுத்தேன்.

பதினொரு மாதம்.

தடைக்காலத்தில் மறுபடி ஏற்றினார்கள்.
சிங்க் எட்டும் வைத்தது வைத்தபடி.
ஒரு மூலைகூட மழுங்கவில்லை.
என் நீலம் எங்கேயும் உரியவில்லை.
ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்,
பெருமையாக இருந்தது.

ஜெய்லானி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
சுக்கான் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான்.
விரல் உள்ளே போனது,
டீயில் ஊறிய வர்க்கியில் போவதுபோல.
எடுத்தபோது ஓட்டை வழியே அக்கரை தெரிந்தது.
பக்கத்தில் வெண்கலக் காத்தாடி மட்டும்
மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போகிற பெரிய மனுஷனாய்
பளபளவென்று.

"கடலுக்குப் பசிக்கும்ணே. அது தின்னத்தான் சிங்க்.
நீ சோத்த மூடி வச்சிட்ட.
அது பந்தக்கால தின்னுடுச்சி."

தேசப்பன் ஒன்றும் சொல்லவில்லை.
பாதி பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார்.
திட்டியிருக்கலாம்.

ராத்திரி மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தேன்.
பட்டியலின் உச்சியில் பொட்டாசியம்,
அடுத்தது சோடியம்:
மண்ணெண்ணெயில் ஒளித்து வைக்கவேண்டிய முன்கோபிகள்.
நடுவில் சிங்க். அதற்கு நேர்கீழே இரும்பு.
ஒரு படிதான்.
அந்த ஒரு படியில் ஓடிக்கொண்டிருக்கின்றன
துறைமுகத்தின் இத்தனை போட்டுகளும்.

சிங்க் செய்வதைத் தியாகம் என்கிறார்கள்.
எனக்கு அது ஒப்பவில்லை.
உப்புத்தண்ணீரைக் கண்டதும் இரும்புக்கு முன்னால்
கிளம்பிவிடத் துடிக்கிறது, அவ்வளவுதான்.
வழிவிட்டால் போதும் அதற்கு.
வாசலை மறித்து நான் நின்றேன், பிரஷ்ஷோடு.

பட்டியலின் அடியில் தங்கம்.
காற்றோடு சேராது, உப்போடு சேராது,
சாதாரண அமிலம் அதை ஒன்றும் செய்யாது.
இதை எழுதியவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.
ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பிடித்து
பெயிண்ட் வேலை நின்றால்
எங்களிடம் முதலில் கரைவது அதுதான்.

சுக்கானில் பாதிச் செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.
காலையில், நான் வாயைத் திறப்பதற்குள்,
ரெஜினா கம்மலைக் கழற்றித் தீப்பெட்டிக்குள் போட்டு நீட்டினாள்.
காதில் துடைப்பக் குச்சியைக் கிள்ளிச் செருகிக்கொண்டு
உலை வைக்கப் போனாள்.
அந்தத் துளைகள் வழியே எனக்கு என்ன தெரிந்தது என்று
எழுதப் போவதில்லை.

புதுச் சுக்கான். புது சிங்க் எட்டு.
இந்த முறை ஒவ்வொரு கட்டிக்கும்
பழைய பேப்பரைப் பசை போட்டு ஒட்டி மூடிவிட்டு
சுற்றிலும் நீலம் அடித்தேன்.
காய்ந்ததும் உரித்தேன்.
ஏழு சுத்தமாக வந்தன.
எட்டாவதில் அச்சு மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு
இடம் வலமாக, மங்கலாக,
'இன்றைய தங்கம் விலை' என்று இருந்தது.

தேய்க்கத் துணியை எடுத்தேன்.
வெள்ளம் ஏறிவிட்டது, இறக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

அதை நான் துடைக்கவில்லை.
கடல் துடைத்துக்கொள்ளட்டும்.